பாழ்மனையும் ஒரு பட்டயமே

வரலாற்றுச் சின்னம் என்றவுடன் நம் மாணவ நண்பர்கள் பலரும் தியாகதுருகம் மலைக்கோட்டையையே நினைக்கின்றனர். ஆனால், கல்வராயன் மலையில் ஆளின்றிக் கிடக்கும் குடியானவன் வீடும் வரலாற்றுச் சான்றேயாகும். கோட்டை கருங்கல்லால் ஆனது, காத்திருக்கும். கூரையிழந்த மண்சுவரோ சில மழைக்காலங்களில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். 1976இல்தான் அரசு ஜாகிர்களைத் தன்பால் எடுத்துக் கொண்டது. எனவே, அதற்கு முந்தைய வாழ்வை அறியத் தாளில் எழுதப்பட்ட ஆவணங்கள் மட்டும் போதா. மனைகளையும் படிக்க வேண்டும்.

இதில் வெறும் ஆராய்ச்சி ஆர்வம் மட்டுமன்று, உரிமையும் அடங்கியுள்ளது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 13.12.2005க்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்து உழுது வரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். வீடு, குடிசை, சமன்செய்த நிலம், வரப்பு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றை அச்சட்டத்தின் விதிகள் சான்றுகளாக ஏற்கின்றன. முதியோரின் எழுத்து வடிவ வாக்குமூலமும் சான்றே. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

படமெடுக்கும் முறை யாது? முதலில் அம்மனைக்கு உரியவரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் இசைவு பெறுக. இடுகாட்டையும் தெய்வ இடத்தையும் அவர்கள் வேண்டாமென்றால் விட்டுவிடுக. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்தால், புல் மூடிய அடித்தளமும் வரப்பும் நிழலால் துலங்கும். உச்சிவெயிலில் அவை மறையும். முதற்படத்தில் மனையோடு பின்னுள்ள மலைமுகடும் தெரியட்டும். இடம் ஐயமின்றி விளங்கும். பிறகு நாற்புறமும் எடுத்து, அடுப்பு, உரல், வாசற்படி என நெருங்குக. அருகில் ஓர் அளவுகோலை வைத்தல் நன்று. எப்பொருளையும் அழகுக்காக இடம் மாற்றற்க. மாற்றினால் சான்று கெடும். நாள், திசை, சொன்னவர் கூற்று ஆகியவற்றை அங்கேயே குறித்துக் கொள்க. சுவரின் மீது ஏறற்க. இடிபாட்டிடையே பாம்பு இருக்கலாம்.

படத்தின் படியொன்றை அக்குடும்பத்தாரிடம் கொடுத்தல் நம் கடமை. உரிமைக் கோரிக்கை முதலில் கிராம சபைக்கே செல்கிறது. அங்கே அப்படம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், நம் பெட்டியில் அன்று.