புதிய எஞ்சினா, பட்டி டிங்கரிங்கா? கேம் எஞ்சின் பற்றிய முக்கியக் குறிப்புகள்

(கணினி, கேமிங் பகுதிகள் உள்ள தேர்வுகளை எழுதுவோருக்கு)

▪ கேம் எஞ்சின் என்பது விளையாட்டைத் தாங்கி நிற்கும் மென்பொருள் அடித்தளம். திரையில் படம் வரைவது, ஒலி, மோதல் கணக்கு, கோப்புகளை ஏற்றுவது, நெட்வொர்க் ஆகியவை அதன் பொறுப்பு. கதையும் பாத்திரங்களும் அதில் சேராது.

▪ "முற்றிலும் புதிய எஞ்சின்" என்று விளம்பரத்தில் வந்துவிட்டால் அது புதியதாகிவிடாது. கேள்வித்தாளில் பெயரைக் கொடுத்து வம்சத்தைக் கேட்பார்கள். எனவே பெயர், ஆண்டு, மூலம் மூன்றையும் சேர்த்தே படியுங்கள்.

டூம், குவேக்

▪ டூம்: டிசம்பர் 1993. குவேக்: ஜூன் 1996. இரண்டும் இட் சாஃப்ட்வேர் தயாரிப்புகள். (தகவல் தொழில்நுட்பத்தைக் குறிக்கும் ஐ.டி. அல்ல; நிறுவனத்தின் பெயரே "இட்".) முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக்.

▪ டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. பகைவர்கள் தட்டையான படங்கள். குவேக்கில் உலகமும் பகைவர்களும் முழு முப்பரிமாணம். ஆகவே குவேக்கை உண்மையான புதிய எஞ்சின் என்று தாராளமாக எழுதலாம்.

▪ பலர் சறுக்கும் இடம்: இரண்டிலும் "பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங்" என்ற இடப்பகுப்பு முறை உண்டு. அதை வைத்து "குவேக் என்பது டூமின் மாற்றுருவம்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த முறை 1980-லேயே ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் மூவரின் ஆய்வுக் கட்டுரையில் வந்துவிட்டது. கருத்து பொதுச்சொத்து. நிரல் கைமாறியதா என்பதுதான் கேள்வி.

வால்வ் வரிசை (அதிகம் படிக்க வேண்டிய பகுதி)

▪ வால்வ் நிறுவனம் தொடங்கியது 1996. நிறுவனர்கள் கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன். இருவரும் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தவர்கள். குவேக் எஞ்சினுக்கு உரிமம் பெற்று, அதைத் திருத்தி, 1998 நவம்பரில் ஹாஃப்-லைஃப் வெளியிட்டார்கள். எலும்புக்கூட்டு அசைவூட்டம் அவர்கள் சேர்த்தது. மூல குவேக்கில் அது இல்லை.

▪ பெயர் வந்த கதை: வெளியீடு நெருங்கியபோது நிரலை இரண்டாகப் பிரித்தார்கள். குறுந்தகட்டுக்குப் போகும் இறுதிப் பிரதியை இத்துறையில் "கோல்ட்" என்பார்கள். கைவைக்கக் கூடாத நிரல் "கோல்ட்சோர்ஸ்" கோப்புறைக்குப் போனது. சோதனைகளுக்கு உரியது "சோர்ஸ்" கோப்புறையில் தங்கியது. இரண்டும் பின்னால் எஞ்சின் பெயர்களாகிவிட்டன. ஆக, சோர்ஸ் பிறந்தது வெற்றுத்தாளில் அல்ல, பழைய நிரலின் ஒரு கிளையில்.

▪ சோர்ஸ்: 2004 (ஹாஃப்-லைஃப் 2, இயற்பியலுக்கு ஹாவொக் மென்பொருள்). சோர்ஸ் 2: ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் 2020, கவுன்டர்-ஸ்டிரைக் 2 2023. ரெஸ்பான் நிறுவனத்தின் டைட்டன்ஃபால் (2014), ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் (2019) இரண்டும் சோர்ஸைத் திருத்தியே எழுந்தவை.

▪ மினுக்கும் விளக்கு: இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த குறிப்பு இது. குவேக்கில் பழுதான விளக்கு மினுக்க, ஓர் எழுத்துச் சரம் எழுதி வைத்திருந்தார்கள். "ஏ" என்றால் இருட்டு, "எம்" என்றால் இயல்பான ஒளி, "இசட்" என்றால் இரு மடங்கு. ஓர் எழுத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். எம், எம், என், எம், எம், ஓ என்று போகும் 23 எழுத்துகள் 2.3 நொடியில் ஒரு சுற்று முடித்து மறுபடி தொடங்கும். ஹாஃப்-லைஃபில் அதே துடிப்பு. குவேக் வந்து 24 ஆண்டு கழித்து, மெய்நிகர் கண்ணாடி மாட்டி விளையாடும் அலிக்ஸிலும் அதே துடிப்பு! எஞ்சினின் பெயர் மூன்று முறை மாறியும் விளக்கு மாறவில்லை.

கால் ஆஃப் டியூட்டி

▪ முதல் விளையாட்டு 2003, இன்ஃபினிட்டி வார்டு. அடித்தளம் குவேக் 3 அரீனா (1999) எஞ்சினான இட் டெக் 3. பின்னாளில் ஐ.டபிள்யூ. எஞ்சின் எனப் பெயர். 2007-இல் வந்த நான்காம் பாகத்திலும் பார்வைக் கோணத்தை மாற்றும் கட்டளை குவேக் 3-இல் இருந்ததேதான், எழுத்து பிசகாமல்.

பெத்தெஸ்டா

▪ இந்த நிறுவனத்தின் விளையாட்டுகளும் அவற்றின் எஞ்சின்களும்: மாரோவிண்ட் (2002) நெட்இம்மெர்ஸ். ஆப்லிவியன் (2006), ஃபால்அவுட் 3 (2008) கேம்ப்ரியோ. ஸ்கைரிம் கிரியேஷன் எஞ்சின். ஸ்டார்ஃபீல்ட் (2023) கிரியேஷன் எஞ்சின் 2. ஸ்கைரிம் தேதியை மறக்கவே முடியாது: 11-11-11.

▪ கேம்ப்ரியோ என்பது நெட்இம்மெர்ஸின் மறுபெயர். கிரியேஷன் அதன் வழிவந்தது. சான்று வேண்டுமானால் கோப்பைத் திறங்கள்: ஸ்டார்ஃபீல்டிலும் மாதிரிக் கோப்புகளின் பின்னொட்டு "என்.ஐ.எஃப்." அதன் விரிவு நெட்இம்மெர்ஸ் ஃபைல். அந்தப் பெயரில் எஞ்சின் விற்பனையில் இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிறது.

▪ பழுதும் சான்றுதான். ஸ்கைரிமின் இயற்பியல் கணக்கு திரையின் வேகத்தோடு கட்டப்பட்டது. நொடிக்கு 60 சட்டகத்தைத் தாண்டினால் மேசைப் பாத்திரங்கள் தாமாகத் துள்ளும், தொடக்கக் காட்சி மாட்டுவண்டியாய்க் குலுங்கும். (அங்கே இழுப்பது குதிரை. வண்டி மட்டும் நம் ஊர் ரகம்.)

நீதிமன்றம் ஏறிய வழக்கு

▪ கனடாவின் சிலிகான் நைட்ஸ் நிறுவனம் 2007-இல் எபிக் கேம்ஸ் மீது வழக்குப் போட்டது. எபிக்கின் அன்ரியல் எஞ்சின் 3 சரியாக வந்துசேரவில்லை, அதனால் சொந்த எஞ்சின் எழுதவேண்டி வந்தது என்பது அதன் வாதம். எபிக் எதிர்வழக்குத் தொடுத்தது. அந்தச் "சொந்த" எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள் அன்ரியலுடையவை. நிரலாளர்கள் தமக்காக எழுதிவைத்த குறிப்புகளின் எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருந்தன. தேர்வறையில் பக்கத்துத் தாளைப் பிழையோடு பார்த்தெழுதி மாட்டுவது நமக்குப் புதிதா என்ன?

▪ 2012 மே மாதம் ஜூரி தீர்ப்பு எபிக்கின் பக்கம்: 44.5 லட்சம் டாலர். அதே ஆண்டு, டூ ஹ்யூமன், எக்ஸ்-மென்: டெஸ்டினி உள்ளிட்ட விளையாட்டுகளின் விற்காத பிரதிகளை அழிக்க உத்தரவு வந்தது. இடம்: வட கரோலினா, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம்.

விடை எழுதும்போது

▪ பதிப்பு எண் கூடினால் புதிய எஞ்சின் என்று கொள்ள வேண்டாம். ஃபோர்ட்நைட் 2021 டிசம்பரில் அன்ரியல் 4-இலிருந்து 5-க்கு மாறியது. விளையாட்டை முதலிலிருந்து எழுதவில்லை.

▪ "மாற்றியமைக்கப்பட்டது" என்பது வசைச்சொல் அல்ல. ஹாஃப்-லைஃப் திருத்திய எஞ்சினில்தான் வந்தது. அதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் துணிவில்லை.

▪ கடைசியாக, குழப்பவே செய்த கேள்வி போன்றது: 2025 ஏப்ரலில் வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு எந்த எஞ்சின்? திரையில் தெரியும் காட்சியை வரைவது அன்ரியல் எஞ்சின் 5. உள்ளே விதிகளை ஓட்டுவது 2006-இன் பழைய எஞ்சின். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றோடு நிறுத்தினால் பாதி விடைதான்.