வினாத்தாளை நீட்டும் முன்

திருவொற்றியூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளின் மனநலத்தைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய வினாத்தாளையும் படித்தேன். நம் ஊரில் ஆய்வு செய்ய வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. நீ அப்படி ஆகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ எடுத்திருக்கும் பி.எச்.க்யூ-9 உலகம் முழுக்கப் புழங்கும் கருவி. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம். சரி, காசிமேட்டுப் பையன் ஒருவன் அதை நிரப்புவதாக வைத்துக்கொள். விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்ப் பெட்டி தூக்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவன். தூக்கம் கெடுகிறதா? தினமும்தான், 3 போடுவான். அசதி? அதற்கும் 3. படிப்பில் மனம் நிற்கவில்லையா? இன்னொரு 3. மூன்றே கேள்வியில் ஒன்பது வந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது டாக்டரா, உதவித்தொகையா, கல்லூரியின் இரண்டாம் ஷிப்டில் ஓர் இடமா என்று அந்த எண் சொல்லாது. அதற்காக ‘உழைக்கிற அலுப்புதான்’ என்று தள்ளிவிடாதே. உழைக்கிறவனுக்கும் மனச்சோர்வு வரும். வேலை பார்க்கிறானா, எத்தனை மணி நேரம் என்று தனியாக இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்.

எந்த மாதத்தில் கேட்கிறாய் என்பதையும் யோசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் காசு முடங்கும் அந்த நாளில்தான் செமஸ்டர் தேர்வும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, சனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் எடுக்கிற கணக்கும் ஆகஸ்டில் எடுக்கிற கணக்கும் ஒன்றாகாது. ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு எழுதாதே.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, தயங்காமல் கேள். ஆனால் அதற்கு 1 அல்லது அதற்கு மேல் குறித்த தாளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதே. பெயர் வேண்டாம் என்றால் எண் கொடு. அந்த எண்ணுக்கு உரியவர் யாரென்ற பட்டியல் பொறுப்பான ஒருவரிடம் பூட்டி இருக்கட்டும். இப்படிச் செய்யப்போகிறேன் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. அன்றைக்கே தாள்களைப் பார். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவில் முன்கூட்டியே பேசி வை. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எல்லாத் தாளின் அடியிலும் அச்சடி.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 8 நாடுகள், 19 கல்லூரிகள், 13,984 முதலாண்டு மாணவர்கள். வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறின் அறிகுறி 35 சதவீதம் பேருக்குத் தெரிந்தது. பெரிய கணக்குதான். ஆனால் கல்லூரிக்குள் இருப்பவர்களைக் கேட்ட கணக்கு. நம் பக்கம் அரியர் விழுந்து, பீஸ் கட்ட முடியாமல் நின்றவர்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை. ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் சிலரையாவது தேடிப் போய்ப் பேசு.

கடைசியாக ஒன்று. 1986இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருப்பதே உயிரைக் குடிக்கிறது என்று கண்டு, உடனே துணைத்தேர்வு வைக்கச் சொல்லிப் போராடினார். தமிழ்நாடு அரசு வைத்தது; தேர்வுத் தோல்வியால் வரும் தற்கொலைகள் குறைந்தன. ஆய்வு என்றால் இப்படி ஒரு விதியை மாற்ற வேண்டும்.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீ போகிற கல்லூரியில் எல்லாம் அவர் இருக்கிறாரா, என்றைக்கு வருகிறார், பேச ஓர் அறை உண்டா என்று கேட்டு எழுது. முனைவர் பட்டம் வந்த பிறகு உன் ஆய்வைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி முதல்வர்களிடமும் பெற்றோரிடமும் நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு. கேட்டவளுக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு.

அன்புடன்,
பெரியப்பா