பொதுப் பஃபரும் தனிப் பிரதியும்

ராஸ்ப்பெரி பை 3 போன்றதொரு சிறு கணினியில் ஈதர்நெட்டையும் வைஃபையையும் ஒரே பிரிட்ஜில் இணைத்து, அதன் வழியே ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட்டை அனுப்பினால், லினக்ஸ் கெர்னல் அதன் உடலை இருமுறை படியெடுக்காமல், எஸ்கேபி என்னும் விவரச் சீட்டை மட்டும் க்ளோன் செய்து, பஃபரை இரு டிரைவர்களுக்கும் பொதுவாக்கிவிடுகிறது. சிக்கனம் மெச்சத்தக்கதே. ஆனால் எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ் என்னும் ஈதர்நெட் டிரைவர், பாக்கெட்டுக்கு முன்னுள்ள காலியிடத்தில் தன் சில்லுக்கு வேண்டிய 8 அல்லது 12 பைட் கட்டளையை எழுத, வைஃபை டிரைவரும் அதே இடத்தில் தன் தலைப்பை எழுதியதால், ஒன்றின் எழுத்தை மற்றொன்று அழித்துவந்தது. 2017-இல் திருத்தப்படும்வரை அந்த ஈதர்நெட் டிரைவர் காலியிடம் போதுமா என்று விசாரித்ததேயன்றி, அவ்விடம் தனக்கே உரியதா என்று விசாரிக்கவில்லை. பொதுத் திண்ணை காலியாயிருக்கிறதென்று தன் மூட்டைகளை அடுக்கிவைப்பவனுடைய நியாயம் அது.

பரிகாரங்கள் பல. ஒவ்வொரு பாக்கெட்டையும் எஸ்கேபி-காப்பியால் முழுதும் படியெடுப்பது அபாயமற்றதாயினும், பஃபர் பகிரப்படாத வேளையிலும் 1500 பைட்வரை வீணே நகர்த்துவதாகும். உடலையே மாற்றி எழுதும் டிரைவருக்குக்கூட, க்ளோனாயிருந்தால் மட்டும் படியெடுக்கும் எஸ்கேபி-அன்ஷேர் போதுமே! முன்னால் தலைப்பு சேர்ப்பது ஒன்றே காரியமெனில், தலைப்புப் பகுதி பகிரப்பட்டிருந்தாலோ இடம் போதாவிட்டாலோ மட்டும் படியெடுக்கும் எஸ்கேபி-கௌ-ஹெட்டே என் அபிப்பிராயத்தில் சிரேஷ்டம். அதன் உடன்பிறப்பான எஸ்கேபி-கௌ ஏன் ஆகாதென்றால், டிசிபி மறு அனுப்புகைக்காக மூலத்தை வைத்துக்கொண்டு க்ளோனையே கீழே அனுப்புவதால், அது அத்தகைய பாக்கெட் ஒவ்வொன்றிலும் பிரதியெடுக்க முற்படும். கௌ-ஹெட்டோ, தலைப்புப் பகுதியின்மேல் டிசிபி தன் பாத்தியதையைத் துறந்துவிட்டதை அறிந்து, இடமிருந்தால் பேசாமலிருக்கும். ஆயினும் இச்சலுகை தலைப்போடு சரி. பாக்கெட்டின் உள்ளே இருக்கும் பைட்டுகளைத் திருத்த நேர்ந்தால், பாக்கெட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட்வரை எழுதத்தக்கதாயிருக்கவேண்டுமென்று சொல்லி எஸ்கேபி-என்ஷூர்-ரைட்டபிளை அழைக்கவேண்டும்.

எஸ்கேபியே பலர் கையில் இருப்பது வேறு வியாதி. கெர்னலின் பாக்கெட் உற்பத்திக் கருவியான பிகேடிஜென் ஒரே எஸ்கேபியை மீண்டும் மீண்டும் அனுப்பக்கூடியது. அந்நிலையில் கௌ-ஹெட் பஃபரை விரிக்கப் புகுந்தால் கெர்னலே ‘பக்’ என்று கூவி முறையிடும். ஆகவே பாக்கெட்டில் கைவைக்கும் டிரைவர், பகிர்வுக்கு உடன்படும் கொடியைத் தன் சாதனத்திலிருந்து நீக்கிவிடுதல் நலம். பெறும் பக்கத்தில், பகிரப்பட்ட எஸ்கேபியைக் கையாள்வதற்கென்றே எஸ்கேபி-ஷேர்-செக் இருக்கிறது.

கௌ-ஹெட்டைத் தேர்ந்தவர் இரண்டைக் கவனிக்கவேண்டும்: அது பஃபரை வேறிடத்துக்கு மாற்றக்கூடுமாதலால், முன்பே எடுத்துவைத்த தலைப்புச் சுட்டிகளை அழைப்புக்குப்பின் புதிதாக எடுக்கவேண்டும்; நினைவகம் கிட்டாமல் அது தோற்றால், பாக்கெட்டை விடுவித்து, கைவிடப்பட்டவற்றின் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.