மானும் மாவும் பணமும்



டிக்டேஷன் என்றாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். “நாமெல்லாம் தமிழ் மீடியம், இங்கிலீஷ் கேக்குறதுக்குக் காது பத்தாதுடா” என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லண்டனில் பிறந்தவருக்கே காது பத்தாத சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. பணம் சம்பந்தப்பட்டதை மட்டும் பார்ப்போம்.

‘டோ’ என்று ஒரு சொல். டிசம்பரில் வரும் டி, பிறகு ஓ, ஈ என்று எழுதினால் பெண் மான். அதே டி, ஓ-வுக்குப் பிறகு யூ, ஜி, ஹெச் என்று எழுதினால் பிசைந்து வைத்த மாவு. நம்ம பரோட்டா மாஸ்டர் உருட்டுகிறாரே, அதுதான். இரண்டுக்கும் உச்சரிப்பில் இம்மியும் வித்தியாசம் கிடையாது. இதில் மாவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்காவில் பேச்சு வழக்கில் ‘டோ’ என்றால் பணம்.

ஆண் மானுக்கு ‘பக்’ என்று பெயர். கோடியக்கரையில் துள்ளி ஓடும் வெளிமானை ‘பிளாக்பக்’ என்கிறோம் இல்லையா, அந்த பக்தான். ஆனால் ஆங்கிலப் படத்தில் ஒருத்தர் “ஃபைவ் பக்ஸ்” என்று கேட்டால், ஐந்து மான் வேண்டும் என்று நினைக்காதீங்க. ஐந்து டாலர் கேட்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மான் தோலைக் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள், அதிலிருந்து வந்த வழக்கு இது என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் கூறுகிறார்கள். ஆண் மானும் பணம், பெண் மான் மாதிரி ஒலிப்பதும் பணம்! இது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது.

‘பிரெட்’ என்பதும் இப்படித்தான். ரொட்டி, கொச்சையில் பணம். நடுவில் இருக்கும் ஏ-யை எடுத்துவிட்டால் ஆடு மாடுகளை ‘இனம் பெருக்கினார்’ என்று அர்த்தம். ஒலி மட்டும் மாறவில்லை.

இப்போ ‘கேஷ்’ கதைக்கு வருவோம். கேஷ் கவுண்டரில் வரும் கேஷ், ‘பெட்டி’ என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் பாடத்தில் வரும் கேஷ் மெமரி வேறு, எழுத்தும் வேறு. அது ‘ஒளித்து வை’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்தது. மூன்றாவதாக ஒரு கேஷ் உண்டு. அது நம்ம ‘காசு’! தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாய்க்குப் போய், பிறகு ஆங்கிலேயர் வாயில் கேஷ் ஆனது. 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தில் ‘கேஷ்’ என்றே பொறித்திருக்கிறது. அந்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கிப்போனது தனிக்கதை.

நாமும் சும்மா இல்லை. ‘துட்டு’ என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் சின்னச் செப்பு நாணயத்தின் பெயர். ‘கையில துட்டு இருக்கா?’ என்று நண்பனிடம் கேட்கலாம். தமிழ்ப் பரீட்சையில் வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் ‘துட்டு’ என்று எழுதுவோமா? டோவும் பக்கும் அதே ரகம். கொச்சைச் சொல் ஆங்கிலமே இல்லை என்று சில பெரியவர்கள் சொல்வது சரியில்லை. படத்தில் கேட்டதை அப்படியே பரீட்சையில் எழுதிவிட்டு மார்க் போச்சே என்று புலம்புவதும் சரியில்லை.

எது எங்கே பொருந்தும் என்று தெரிய ஒரு வழி: நூலகத்தில் இருக்கும் பெரிய அகராதியை எடுங்க. அர்த்தத்துக்கு முன்னால் சாய்ந்த எழுத்தில் ‘ஸ்லாங்’ அல்லது ‘இன்ஃபார்மல்’ என்று போட்டிருந்தால், அது பேச்சுக்கு, பரீட்சைக்கு அல்ல. சில பாக்கெட் அகராதிகளில் இந்தக் குறிப்பு இருக்காது.

கடைசியாக ஒரு புதிர். “தி பேக்கர் நீட்ஸ் மோர் டோ.” பேக்கரிக்காரருக்கு என்ன வேண்டும்? மாவா, பணமா, மானா? இதற்கு அடுத்து ஒரே ஒரு வாக்கியம் சேர்த்து, எது என்று தெளிவாகப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதி, இந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்க. நல்ல வாக்கியங்கள் அடுத்த இதழில் வரும்.