இல்லிக்குடம்: எழுத்தறியத் தடுமாறும் மாணாக்கரும் தனி வகுப்பும்

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகையாகப் பகுக்கிறது. அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போல்வார் கடைமாணாக்கர். இல்லிக்குடம் என்பது ஓட்டைக்குடம். எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகிவிடும். பவணந்தியார் காலத்து ஆசிரியர் தம் மாணாக்கரைத் தேர்ந்துகொண்டார். 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நமக்கு அத்தேர்வு இல்லை. குடத்தில் ஓட்டை எங்குள்ளது என்று பார்ப்பதே இன்றைய ஆசிரியர் கடன்.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவன் கண்ணில் பழுதில்லை, கணக்கில் தடையில்லை, வாசிப்பு மட்டும் வரவில்லை. பெர்சி என்னும் தன் பெயரையே எழுத்து மாறிப் பிரெசி என்றெழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியிலேயே கூர்மையானவன் இவனே என்று அவன் ஆசிரியர் கருதினார். குடத்தின் ஓட்டை ஓரிடத்தில்தான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 'கற்றல் குறைபாடு' என்னும் பொதுப்பெயரை 1963இல் அமெரிக்கக் கல்வியறிஞர் சாமுவேல் கிர்க் பரவச்செய்தார். நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

குறைபாடும் கல்லாமையும்

போடிநாயக்கனூர்ப் பகுதியில் இதனை ஆராய்வோர் முதலில் ஓர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். ஏலக்காய் எடுக்கும் பருவத்தில், விடியுமுன்னரே ஜீப்புகள் போடிமெட்டு வழியே இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. தாயும் தந்தையும் அதில் போய்விட்டால், மூத்த குழந்தை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றுவிடும். கொட்டகுடி, குரங்கணிப் பக்கத்து முதுவர் குழந்தைக்கு வீட்டுப் பேச்சு வேறு. நகரிலும் தெலுங்கோ கன்னடமோ பேசும் இல்லங்கள் பல. ஏழாம் வகுப்பில் வாசிக்க இயலாத இவர் அனைவரையும் குறைபாடுடையார் என்பது பிழை. அனைவரையும் 'ஒழுங்காக வராத பிள்ளைகள்' என்று ஒதுக்குவதும் பிழையே.

இவ்விரு சாராரையும் பிரித்துக் காட்டுவது முறையான கற்பிப்பே. அடிப்படை எழுத்தறிவை முதலிலிருந்து கற்பித்தால், வருகைக் குறைவால் பின்தங்கியோர் சில திங்களில் எழுந்துவிடுவர். தமிழக அரசு 2025இல் தொடங்கிய 'திறன்' இயக்கம், அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கிய நடுநிலை வகுப்பு மாணவரைக் கண்டறிந்து தனியே கற்பிக்க முற்பட்டது. நல்ல முயற்சி. ஆயினும் அத்தகைய வகுப்பிலும் எஞ்சி நிற்போர் சிலர் இருப்பர். 'சொல்லிப் பார்த்தோம், ஏறவில்லை' என்று அவரைக் கைவிடும் இடத்தில்தான் நம் பொருள் தொடங்குகிறது. கைவிடப்பட்ட பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்று, தாய் ஏறிய அதே ஜீப்பில் ஏறும்.

கொம்பும் காலும்

இப்பிள்ளைகள் தமிழெழுத்தில் எங்கே இடறுகிறார்கள்? 247 எழுத்தும் சுமையென்பர் சிலர், அது மிகை. இடர் சில இடங்களில் திரண்டு நிற்கிறது. 'கெ' என்பதில் ககர மெய் முன்னும் எகர உயிர் பின்னும் ஒலிக்கின்றன. எழுத்திலோ ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் ஓருயிரின் குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் அமர்கிறது. வீரமாமுனிவர் குறில் நெடில் மயக்கம் தீரச் செய்த கொம்பு வேறுபாடு நமக்குப் பெருந்துணை; இப்பிள்ளைக்கு அதுவே நுண்ணிய கண்ணி. தன் ஊரான 'போடி'யைப் 'பொடி' என்றும், 'மெட்டு' என்பதை 'மேட்டு' என்றும் வாசிப்பான். பெர்சியின் கதைதான், நம் எழுத்தில்! உகர, ஊகார உயிர்மெய்களுக்கோ ஒரே குறி இல்லை. கு, சு, து, மு எனக் குறி மெய்தோறும் மாறுகிறது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ஆகார, ஐகார வரிசை முதலியவற்றை ஒழுங்குபடுத்தி, இவற்றைத் தொடாது விட்டது.

ஆதலின் தனி வகுப்பில் நெடுங்கணக்கை வரிசையாக ஓதுவித்தல் பயன்தராது. ஒலியிலிருந்து தொடங்குதல் வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகளை நாவும் இதழும் அண்ணமும் பொருந்தும் இடங்கொண்டு விளக்குகிறது. அதனை நாம் தேர்வுக்குரிய பகுதியாகவே சுருக்கிவிட்டோம். ல, ள, ழ மூன்றையும் வடிவால் மயங்கும் பிள்ளைக்கு, நா எங்கே தொடுகிறது என்பதைத் தன் வாயில் தானே உணரச்செய்து, பின்னர் வடிவம் காட்டலாம். 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்காமும் வகுத்த முறை, ஒலித்துக்கொண்டே விரலால் எழுத்தைத் தடவச்செய்வது. நம் திண்ணைப் பள்ளிகள் மணலில் விரலால் எழுதி வாய்விட்டுச் சொல்லச்செய்ததும் ஏறத்தாழ இதுவே.

நாற்றங்கால்

பிள்ளைகளைத் தனியே அமர்த்துவது அவர்க்கு இழிவாகாதா என்னும் வினா நேரியது. பக்கத்து வகுப்பார் அவ்வறைக்குப் பட்டப்பெயர் சூட்டாமல் இருக்கமாட்டார்கள். அரசின் கொள்கையும் உள்ளடங்கிய கல்வியையே வேண்டுகிறது. வட்டார வள மையச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்கிறார். ஆனால் ஒருவர் வாரத்தில் ஒருநாள் வந்துபோவதால் 12 வயதுப் பிள்ளை எழுத்தறிதல் அரிது. மலைச்சரிவினர்க்கு ஏல நாற்றங்கால் தெரியும். நாற்றைத் தனிப்பாத்தியில், நிழலிட்டு, நெருங்கியிருந்து வளர்க்கிறார்கள். உரிய பருவத்தில் பிடுங்கித் தோட்டத்தில் நடுகிறார்கள். நடாமலே விட்ட நாற்று காய்ப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் சென்னையில் நடத்தும் அனன்யா மையம், பிள்ளைகளைச் சிறிதுகாலம் முழுநேரமாகக் கற்பித்து, வழக்கமான பள்ளிக்குத் திருப்பியனுப்பும் நெறியுடையது. தனி வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே திரும்பும் நாளும் குறிக்கப்படாவிடின், அவ்வகுப்பை எதிர்ப்போர் பக்கமே நானும் நிற்பேன்.

இன்னொன்று. 13 வயதுப் பிள்ளையின் கையில் முதல் வகுப்பு நூலைக் கொடுத்தால் நாணமே மிஞ்சும். வரலாறும் அறிவியலும் செவிவழியாக அவ்வயதிற்குரிய அளவில் நடைபெறட்டும். எழுத்துப் பயிற்சிக்கு மட்டும் எளிய சொற்கள் வேண்டும். அவையும் அவர் அறிந்தவையாகட்டும்: சரம், நாற்று, களை, எடை, மூட்டை, காய். கெடு-கேடு, தொடு-தோடு, பொடி-போடி எனக் கொம்பு மாறப் பொருள் மாறும் இணைகளைத் தொகுத்தல் நம் முதுகலை மாணவர்க்கு ஒரு பருவத்துப் பணி. 'ஏலம்' என்னும் சொல்லையும் அதில் சேர்க்கலாம். ஏலம் ஏலத்திற்குப் போகும் ஊரில், ஒரு சொல் இரு பொருளாவதை இப்பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மூன்று எழுத்தைக் காட்டினால் போதும்.