மூட்டு வலிக்கு இணையப் பாடம்: பயனை அளப்பது எப்படி?

அண்மையில் கொழிஞ்சாம்பாறையில் என் தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தேன். எலும்பு பலம் குறைந்ததற்காக அவருக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. அதை விழுங்கும் முறையைக் கைபேசியில் இரண்டு தடவை படமாகப் பார்த்திருக்கிறார்.

"எப்படிப் போடுறீங்க, சொல்லுங்க அக்கா" என்றேன்.

"காலையில வெறும் வயித்துல. அப்புறம் கொஞ்சம் படுத்துக்குவேன்."

முதற்பாதி சரி. மறுபாதி ஆபத்து. ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கவேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும்.

அந்தப் படத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்பது பயனுக்கு அளவாகாது. விற்ற டிக்கெட்டை எண்ணிப் பாலம் உறுதி என்று ரயில்வேயில் யாரும் சான்று தருவதில்லை. பாரம் ஏற்றி, எவ்வளவு வளைகிறது என்றுதான் பார்ப்போம்.

மருத்துவத் தகவலை எடைபோட 1990களின் இறுதியில் ஆக்ஸ்போர்டில் 'டிஸ்கெர்ன்' என்ற கேள்வித்தாளை உருவாக்கினார்கள். 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல கருவிதான், ஆனால் அது எழுத்தை அளக்கிறது, வாசித்தவரை அல்ல. 1948இல் வந்த ஃபிளெஷ் சூத்திரம் வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணும். ஆங்கிலத்துக்குச் சரி. 'எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது' என்பதை ஒரே சொல்லாக எழுதும் நம் மொழியில் அந்தக் கணக்கு தடம் புரண்டுவிடும்.

ஆகவே நோயாளியையே கேட்கவேண்டும்: படம் பார்க்கும் முன், பார்த்த உடனே, ஒரு மாதம் கழித்து. செய்து காட்டவும் சொல்லவேண்டும். முழங்காலின் நிலைமைக்கு 1998இல் வெளியான ஆக்ஸ்போர்டு அளவுகோல் உண்டு. 12 கேள்விகள், இப்போதைய முறையில் 0 முதல் 48 வரை, கூடினால் நல்லது. இதிலும் ஒரு பொறி. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வழி தேடுவார். பிறகு அது தானாகவே கொஞ்சம் தணியலாம். படம் பார்க்காத ஒரு குழுவையும் உடன் அளந்தால்தான் எது படத்தால் வந்தது என்று தெரியும்.

இன்னொன்று. கேள்வித்தாளையும் இணையத்திலேயே அனுப்பினால், தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் கொழுந்து கிள்ளி முழங்கால் தேய்ந்த, எழுத்துக் கூட்டிப் படிக்கும் தமிழ் மூதாட்டிகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களிடம் தமிழில், நேரில் கேட்கவேண்டும்.

வெளியூரிலிருந்து அம்மாவிடம் பேசும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "எப்படிச் செய்யறீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அக்காளை அப்படித்தான் தொலைபேசியில் கேட்டேன். மாத்திரை போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பாலக்காட்டு பஸ் போகும்வரை எழுந்திருப்பதில்லையாம். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். சிரித்தார், கடிகாரம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.