கத்திரி வெயிலில் பிறந்த பிள்ளை: முதல் ஏழு நாள்

சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை விருத்தாசலம் வட்டாரத்தில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: தண்ணீர் தாய்க்கு, தாய்ப்பால் பிள்ளைக்கு.

பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், புண்ணு ஆறாது" என்று பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியத்தின் பெயரில் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். நாக்கு வறண்டுபோகும் என்ற கவலையில் பிள்ளைக்குச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறார்கள். இரண்டுமே அக்கறையில் செய்வதுதான். ஆனால் மே மாத வெயிலில் இரண்டும் சேர்ந்தால் மூன்றாம் நாளே பிள்ளை துவண்டுபோகும்.

தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 விழுக்காடு தண்ணீர்தான். எவ்வளவு வெயிலானாலும் பிள்ளைக்கு அதற்கு மேல் வேண்டாம். பிறந்த அன்று அதன் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது 5 முதல் 7 மில்லிதான். அந்த இடத்தைச் சர்க்கரைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் பிள்ளை மார்பைத் தேடாது. அது சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். சப்பாவிட்டால் சுரப்பும் குறையும். கடைசியில் "பாலே ஊறல" என்று தாயின் மேல் பழி விழும். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பால்தான் அந்தச் சின்ன வயிற்றுக்கான அளவு. அதைப் பீய்ச்சி ஊற்றிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெருமைப்பட வேண்டிய எண். அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 விழுக்காடு. அறுவைக்குப் பிறகு தாய் எழுந்து உட்காரவே சிரமப்படுவார். பால் கட்டவும் சற்றுத் தாமதமாகலாம். சங்கும் சர்க்கரையும் உள்ளே நுழைவது அந்த இடைவெளியில்தான். பக்கத்தில் இருக்கும் அம்மாவோ மாமியாரோ அப்போது செய்ய வேண்டியது, பிள்ளையைத் தூக்கித் தாயின் பக்கவாட்டில் கிடத்தி மார்பில் சேர்ப்பது. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பால் கொடுக்க வேண்டும். தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ கஞ்சியோ கையில் கொடுங்கள்.

பால் போதுகிறதா என்பதைத் துணி சொல்லிவிடும். முதல் நாள் ஒன்றிரண்டு முறை சிறுநீர் போனாலே போதும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு முறையாவது நனைய வேண்டும். கறுப்பாகப் போன மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பிள்ளையைப் படுக்க வைக்கும் இடம். அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அங்குள்ள சாரதாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருந்தது. சூட்டினால் மட்டுமே காய்ச்சல் கண்ட பச்சைக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். பிறகு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அவ்வாறான சேர்க்கை 64 விழுக்காடு குறைந்ததாக அங்கு ஆய்வு செய்தவர்கள் 2014-இல் எழுதினார்கள். மருந்தால் வந்த மாற்றமல்ல, மாடி இறங்கியதால் வந்தது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சிமென்ட் ஷீட்டின் கீழ் மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள். ஓட்டு வீடோ கீழ்த்தளமோ உள்ள உறவினர் வீட்டில் இந்த முதல் ஏழு நாள் இருக்க முடிந்தால் இருங்கள். முடியாவிட்டால் கூரை மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். சன்னலில் ஈரத் துணி கட்டுங்கள். மின்விசிறி ஓடலாம், காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். குல்லா, கம்பளி, காலுறை எல்லாம் மார்கழிக்கு. இப்போது ஒற்றைப் பருத்தித் துணி போதும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு மட்டும் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்.

பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் அப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒன்று. மண்ணும் சிலிக்காத் தூசியும் படிந்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து, உடை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆசை தீரக் கொஞ்சலாம்.

கழுதைப்பால் விற்கிறவர்கள் விருத்தாசலம் பக்கத் தெருக்களுக்குப் புதியவர்கள் அல்லர். வாசலில் கழுதையை நிறுத்தி, கண் முன்னே கறந்து, சங்கில் ஊற்றுவார்கள். குரல் தெளியும், மஞ்சள் காமாலை வராது என்பார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சாத பாலில் வரும் கிருமியைத் தாங்க ஐந்து நாள் பிள்ளையின் குடலுக்குச் சக்தி இல்லை. காமாலையை அது தடுப்பதும் இல்லை. வாசலிலேயே வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

காமாலை என்றதும் பிள்ளையை வெயிலில் காட்டச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1950-களில் இங்கிலாந்தின் எசெக்ஸில் ரோச்ஃபோர்ட் மருத்துவமனைச் செவிலியர் ஜீன் வார்டு, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர்தான் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே இன்றைய நீல விளக்குச் சிகிச்சை. எசெக்ஸ் வெயில் வேறு, விருத்தாசலத்துக் கத்திரி வேறு. இங்கே வெளிச்சம் வேலை செய்வதற்குள் சூடு பிள்ளையை வாட்டிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பிறகு உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் காய விடுங்கள். வெயிலுக்கு இதம் என்று பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். ஒரு நாள் கழியட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

உடம்பு சுட்டால் அக்குளில் வெப்பமானி வையுங்கள். 37.5 டிகிரிக்கு மேல் இருந்து, பிள்ளை நன்றாகப் பால் குடித்தால், துணியைத் தளர்த்தி, குளிர்ந்த அறைக்கு மாற்றி, பால் கொடுத்து அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டாலோ 38-ஐத் தொட்டாலோ "வெயில் சூடுதான்" என்று காத்திருக்கக் கூடாது. கிருமித் தொற்றும் இப்படித்தான் தொடங்கும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உடம்பு சில்லிட்டுப் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. போகிற வழியிலும் பிள்ளை குடித்தால் பால் கொடுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். 2011 முதல் அது ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் குழந்தையின் உரிமை. வீடு திரும்புமுன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி, வைட்டமின் கே ஊசி நான்கும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வரவழையுங்கள். வந்தால் எடை போடச் சொல்லுங்கள்.